ஸ்பார்க் பிளக்கும் அதற்கான ஸ்பேனரும்: செட்டிநாட்டு வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுவோம். பிளக்கின் தலையில் மாட்டும் ரப்பர் மூடியையும் நம்மூரில் 'கேப்' என்கிறோம், பிளக்கின் வாயில் விடும் சந்தையும் 'கேப்' என்கிறோம். 'கேப்பைப் பாருங்க' என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் மூடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டுப் போவது காரைக்குடியிலும் நடக்கும், தேவகோட்டையிலும் நடக்கும். இந்தப் பக்கத்தில் மூடி என்றால் கேப், சந்து என்றால் இடைவெளி.

பிளக் உள்ளே என்னதான் செய்கிறது?

12 வோல்ட் பேட்டரியிலிருந்தோ மேக்னெட்டிலிருந்தோ வரும் மின்சாரத்தைக் காயில் என்னும் கம்பிச்சுருள் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி அனுப்புகிறது. சாதாரண ஓட்டத்தில் 12,000 முதல் 25,000 வோல்ட் வரை வரும். அந்த மின்சாரம் பிளக்கின் நடுக்கம்பி வழியாக இறங்குகிறது. கீழே, வளைந்து நிற்கும் பக்கக் கொம்புக்கும் நடுக்கம்பிக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சந்து. அதைத் தாண்டும்போது பொறி பறக்கிறது, அழுத்தப்பட்ட பெட்ரோல் கலவை பற்றிக்கொள்கிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 50 தடவை எரிப்பு நடக்க வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் என்றால் 100 தடவை.

வெள்ளையாகத் தெரியும் பீங்கான் அலுமினா. மின்சாரத்தை வெளியே கசியவிடாமல் காப்பது அதன் முதல் வேலை, உள்ளே ஏறும் சூட்டை இரும்பு உடம்பு வழியாக ஹெட்டுக்கு (சிலிண்டரின் மேல்மூடிக்கு) கடத்துவது இரண்டாவது வேலை. பல பிளக்குகளில் பீங்கானின் மேல்பாதியில் வளையம் வளையமாக வரிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். மின்சாரம் மேற்பரப்பிலேயே ஓடி இரும்புக்குத் தாவாதபடி தூரத்தைக் கூட்டுவதற்காக வைத்தது. அந்த வரியில் எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்து பிசுக்காகப் படிந்தால் காப்பு குறைகிறது. மழை நாளில் வண்டி உதறுவதற்கு இது ஒரு காரணம்.

வெளியே எடுத்து ஹெட்டில் வைத்துப் பார்த்தால் கரண்ட் வருது. ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகலையே?

வெளியே பொறி வருவதும் சிலிண்டருக்குள் வருவதும் ஒன்றல்ல. திறந்த காற்றில் சந்தைத் தாண்டக் குறைந்த வோல்ட் போதும். உள்ளே கலவை நெருக்கி அடைக்கப்பட்டிருப்பதால் அதே சந்தைத் தாண்டப் பல மடங்கு வோல்ட் தேவை. பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் வெளியே நீலப் பொறி காட்டும், உள்ளே போனதும் விரிசல் வழியாக ஒதுங்கி ஓடிவிடும். ஆகவே 'கரண்ட் வருது, பிளக் நல்லாத்தான் இருக்கு' என்று முடிவுக்கு வராமல், நல்லது என்று தெரிந்த வேறொரு பிளக்கை மாட்டிப் பாருங்கள். அதிலும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பெட்ரோல் வருகிறதா, கம்ப்ரஷன் இருக்கிறதா என்று போகலாம்.

சோதிக்கும்போது மூன்று எச்சரிக்கை. பிளக்கின் இரும்பு உடம்பு பெயிண்ட் இல்லாத உலோகத்தில் நன்றாகப் பட வேண்டும். பிளக் துளைக்கு நேரே வைத்துக் கிக்கரை மிதிக்கக் கூடாது. துளையிலிருந்து பீச்சும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பிளக் இல்லாமல் வெறும் கேப்பைத் தொங்கவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தவும் கூடாது. போக வழியில்லாத மின்சாரம் காயிலைத் துளைக்கும். பியூவல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் கணினிப் பெட்டிக்கும் சேதம் வரலாம்.

எந்த வண்டிக்கு எந்த அளவு ஸ்பேனர்?

ஸ்பேனர் அளவு என்பது பிளக்கின் அறுகோண இடுப்பின் அகலம். நம் பக்கம் கண்ணில் படுபவை இவை:

16 மி.மீ.: இன்றைய பைக், ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை; புதிய பெட்ரோல் கார்கள் பலவும். இதைத்தான் ஐந்தெட்டு (5/8) அங்குலம் என்றும் விற்பார்கள், இரண்டும் ஒன்றே.

21 மி.மீ.: பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள், வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட், பெட்ரோல் அம்பாசடர். சரியான அளவு 20.8. 13/16 அங்குல ஸ்பேனர் இதற்குத்தான்.

19 மி.மீ.: மரம் அறுக்கும் செயின் ரம்பம், புல் வெட்டும் கருவி.

18 மி.மீ.: 12 மி.மீ. மரை உள்ள சில பைக்குகள். அரிதாகத்தான் வரும்.

14 மி.மீ.: சில வெளிநாட்டுக் கார்கள். பன்னிரண்டு முனை, மெல்லிய சுவர் சாக்கெட் வேண்டும். சாதாரண 14 துளைக்குள் இறங்காது.

ஸ்பேனர் பொருந்தினால் பிளக்கும் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 16 மி.மீ. இடுப்புள்ள பிளக்கில் 10 மி.மீ. மரையும் உண்டு, 14 மி.மீ. மரையும் உண்டு. பிளக் வாங்கும்போது மரையின் தடிமன், மரையின் நீளம், சூட்டு எண் (பிளக் தன் சூட்டை எவ்வளவு சீக்கிரம் ஹெட்டுக்கு இறக்கும் என்று காட்டும் எண்) மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஸ்பேனர் அளவு கழற்றுவதற்கு மட்டும்தான்.

பட்டறையில் இருக்கும் நீள சாக்கெட்டே போதாதா? எதற்குத் தனியாகப் பிளக் சாக்கெட்?

பிளக் சாக்கெட்டைக் கையில் வாங்கி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். அடியில் ஒரு ரப்பர் வளையம் தட்டுப்படும், சிலவற்றில் காந்தம் இருக்கும். ரப்பர் பீங்கானைப் பிடித்துக்கொள்கிறது. கார்களில் பிளக் ஒரு சாணுக்கு மேல் ஆழத்தில் குழிக்குள் இருக்கும். பிடிப்பு இல்லாத சாக்கெட்டில் பிளக் நழுவி விழுந்தால் பக்கக் கொம்பு மடங்கி இடைவெளி மூடிவிடும். சாதாரண சாக்கெட் கொஞ்சம் சாய்ந்தாலே அதன் சுவர் பீங்கானில் இடித்து மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசல் அன்றைக்குத் தெரியாது, பத்து நாள் கழித்து மிஸ்ஸிங்காக (இன்ஜின் இடையிடையே பற்றாமல் உதறுவதாக) வரும்.

பைக்குக்கு மட்டும் வாங்குவதானால் 16 மி.மீ. டி-ஸ்பேனர் ஒன்று போதும். கம்பெனி கிட்டில் வரும் தகடு உருட்டிய குழாய் ஸ்பேனர் அவசரத்துக்கு உதவும், ஆனால் இறுகிய பிளக்கில் வாய் விரிந்து அறுகோணத்தை மழுக்கிவிடும். காருக்கு மூன்றெட்டு (3/8) அங்குல ராட்செட், ஆறு அங்குல எக்ஸ்டென்ஷன், ரப்பர் உள்ள சாக்கெட். மூட்டு ஆடும் சாக்கெட்டை வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் எடுங்கள். அதில் விசை நேராக இறங்காது.

கழற்றி மாட்டும் முறை என்ன?

பிளக் தானாகக் கெடுவதைவிடக் கழற்றும்போது கெடுவது அதிகம். ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. சண்டை வந்தால் தோற்பது ஹெட்தான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

இன்ஜின் ஆறட்டும். கை வைத்தால் பொறுக்கும் சூடுவரை காத்திருங்கள். சூட்டில் அலுமினிய மரை மென்மையாக இருக்கும், பிளக்கோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். அவசரத்தில் ரோட்டோரமாகக் கழற்றி ஹெட்டைப் பாழாக்குவது இப்படித்தான்.

கேப்பைக் கழற்ற ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ரப்பரைப் பிடித்து இடமும் வலமும் லேசாகத் திருகி மேலே தூக்குங்கள்.

அடுத்தது சுத்தம். குன்றக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துச் செம்மண் பாதையில் ஓடும் வண்டியில் பிளக்கைச் சுற்றிலும் ஒரு வரி செந்தூள் கட்டாயம் இருக்கும். அப்படியே கழற்றினால் அந்தத் தூள் நேராகப் பிஸ்டன் தலையில் விழுந்து சிலிண்டர் சுவரைத் தேய்க்கும். சைக்கிள் பம்பின் முனையை அந்தக் குழியில் வைத்து நாலு அடி அடியுங்கள். மண் ஈரமாக ஒட்டியிருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி, மறுபடி ஊதுங்கள்.

ஸ்பேனரைக் கடைசிவரை இறக்கி, நேராக நிற்கிறதா என்று பார்த்து, இடப்பக்கமாகத் திருப்புங்கள். 'டக்' என்று விட்டால் சரி. விடாமல் முரண்டு பிடித்தால் துருநீக்கி எண்ணெயைச் சுற்றிலும் விட்டு அரை மணி பொறுங்கள். பிறகு கொஞ்சம் கழற்றி, கொஞ்சம் திருப்பி இறுக்கி, மறுபடி கழற்றி என்று முன்னும் பின்னுமாக வாருங்கள். ஒரே மூச்சில் சுற்றினால் மரைக்குள் சிக்கிய கரி, அலுமினியத்தைச் சீவிக்கொண்டு வரும்.

புதிய பிளக்கை மாட்டும்போது முதலில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுங்கள். பெட்ரோல் டியூபில் ஒரு முழம் வெட்டி, பிளக்கின் மேல் முனையில் செருகி, அதைச் சுழற்றி மரையில் ஏற்றுங்கள். தொடங்கும்போது இடப்பக்கமாக ஒரு சுற்று சுற்றினால் மரையின் தொடக்கம் 'டிக்' என்று விழும் இடம் விரலுக்குத் தெரியும்; அங்கிருந்து வலப்பக்கம் திருப்புங்கள். மரை கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிச் சுற்றும், பிளக் நகராது. ஸ்பேனர் கையில் இருந்தால் அந்த எச்சரிக்கை கிடைக்காது, அது பாட்டுக்கு அறுத்துக்கொண்டு உள்ளே போகும்.

வாஷர் ஹெட்டில் உட்காரும்வரை கையாலேயே வரவேண்டும். அதன் பிறகுதான் இறுக்கம். டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால், அலுமினிய ஹெட்டில் 10 மி.மீ. மரைக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20, 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30. ரென்ச் இல்லாதவர்கள் ஸ்பேனர் கைப்பிடியைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். புதிய பிளக் என்றால் வாஷர் நசுங்க வேண்டும், முள் 12-லிருந்து 6 வரை போகட்டும். ஏற்கனவே ஓடிய பிளக் என்றால் வாஷர் முன்பே நசுங்கியிருக்கிறது, 12-லிருந்து 1 வரை போதும். வாஷரே இல்லாமல் கூம்பு வடிவில் உட்காரும் பிளக்குக்கு அதைவிடவும் குறைவு, பதினாறில் ஒரு சுற்று.

மரையில் கிரீஸ் தடவாதீர்கள். நல்ல கம்பெனி பிளக்கின் மரையில் துருப்பிடிக்காமல் முலாம் பூசியே வருகிறது. வழுவழுப்பு இருந்தால் அதே விசையில் பிளக் கூடுதலாக இறங்கி மரையை நீட்டிவிடும்.

இறுக்கம் குறைந்தால் என்ன, கூடினால் என்ன? ரெண்டுமே தப்பா?

இரண்டும் தப்பு. குறைந்தால் கம்ப்ரஷன் கசியும், பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்காமல் முனை அதிகமாகக் காய்ந்து உருகும். கூடினால் மரை நீளும், பிளக்கின் இரும்பு உடம்புக்கும் பீங்கானுக்கும் உள்ள அடைப்பு நெகிழும்.

மரை கழன்றுவிட்டது. ஹெட் மாற்றணும்னு சொல்றாங்க.

பெரும்பாலும் தேவையில்லை. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, உள்ளே கம்பிச்சுருள் மரையோ முழு புஷ்ஷோ இறக்கித் தருவார்கள். ஹெட்டைக் கழற்றி எடுத்துப்போய்ச் செய்வதே நல்லது. வண்டியிலேயே வைத்து வெட்டினால் அலுமினியத் துருவல் சிலிண்டருக்குள் விழும். புஷ் வாங்கும்போது மரை நீளத்தைச் சொல்லுங்கள். 19 மி.மீ. ஆழத்துக்கு 12.7 மி.மீ. புஷ் போட்டால் மீதி இடத்தில் கரி அடைத்து, அடுத்த தடவை பிளக் வெளியே வராது.

பிளக்கின் மேல் எழுதியிருக்கும் எழுத்துகளை எப்படிப் படிப்பது?

என்ஜிகே பிளக் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: சிபிஆர்8இஏ-9. 'சி' என்றால் 10 மி.மீ. மரை, 16 மி.மீ. இடுப்பு. 'பி' என்றால் பீங்கான் முனை கொஞ்சம் வெளியே நீட்டியிருக்கும். 'ஆர்' என்றால் உள்ளே மின்தடை உண்டு. 8 சூட்டு எண். 'இ' என்றால் மரை நீளம் 19 மி.மீ.; இந்த இடத்தில் 'ஹெச்' இருந்தால் 12.7. அடுத்துள்ள 'ஏ' அந்த மாடலுக்கான தனி அமைப்பு. கடைசி 9 என்றால் இடைவெளி 0.9 மி.மீ.

சூட்டு எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. என்ஜிகே-யில் எண் கூடினால் பிளக் 'கூல்', அதாவது சூட்டைச் சீக்கிரம் இறக்கும். பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் 'ஹாட்', அதாவது சூட்டை மெதுவாக இறக்கும். அந்தக் கம்பெனியில் 8, இதிலும் 8 என்று மாற்றி மாட்டினால் தலைகீழாகப் போய்விடும். பழைய மெக்கானிக்குகள் மைக்கோ என்று சொல்வது இந்தப் பாஷ் பிளக்கைத்தான். மைக்கோ கம்பெனி 2008-இல் பாஷ் என்று பெயர் மாறியது.

நீளத்தில் தவறினால் சேதம் பெரிது. நீளமான பிளக்கைக் குறுகிய துளையில் மாட்டினால் பிஸ்டன் வந்து இடிக்கும்.

சித்திரை வெயிலில் காரைக்குடி இப்படிக் காயுதே, கூல் பிளக் போடலாமா?

வேண்டாம். வெளியே 30 டிகிரியோ 40 டிகிரியோ, உள்ளே எரியும் வாயு 2,000 டிகிரியைத் தாண்டுகிறது. பத்து டிகிரி அங்கே பொருட்டே அல்ல. பிளக் முனை ஏறத்தாழ 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 800-ஐத் தாண்டி வெகுதூரம் போனால் பொறிக்கு முன்பே கலவை பற்றும். கம்பெனி சொன்ன எண் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்காகவே தேர்ந்தெடுத்தது.

உண்மையில் இங்கே கேடு வருவது எதிர்ப்பக்கமிருந்து. வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து கோயிலுக்கு என்று ஒரு கிலோமீட்டர், அரை கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் பிளக் 450 டிகிரியைத் தொடுவதே இல்லை. கரி படிந்துகொண்டே இருக்கும். அதில் கூல் பிளக்கையும் போட்டால் இன்னும் சீக்கிரம் அடைக்கும். அந்த வண்டியை வாரத்தில் ஒருநாள் திருப்பத்தூர் ரோட்டில் இருபது நிமிடம் விடாமல் ஓட்டுங்கள்.

கழற்றிய பிளக்கின் நிறம் என்ன சொல்கிறது?

பீங்கான் முனை வெளிர் பழுப்பாக, வறுத்த மல்லி நிறத்தில் இருந்தால் இன்ஜின் நன்றாக எரிக்கிறது.

காய்ந்த கரி, தொட்டால் விரலில் மை போல ஒட்டுகிறது: பெட்ரோல் கூடுதல், காற்று குறைவு. கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் ஏர் பில்டரைப் பாருங்கள். செம்மண் பாதையில் ஓடும் வண்டியில் கையேடு சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே பில்டர் அடைத்துவிடும்.

ஈரக் கறுப்பு, எண்ணெய்ப் பளபளப்பு: நான்கு ஸ்ட்ரோக்கில் இது கெட்ட செய்தி. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ ஆயிலை விடுகிறது. புதுப் பிளக் சில நாள்தான் தாங்கும்.

சுண்ணாம்பு வெள்ளை, முனையில் கொப்புளம்: சூடு அதிகம். காற்று கள்ளத்தனமாக நுழைகிறதா, பிளக் தளர்வா, தவறான சூட்டு எண்ணா என்று உடனே பாருங்கள். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும்.

பார்ப்பதற்கும் நேரம் உண்டு. வீட்டு வாசலில் சோக் போட்டு இரண்டு நிமிடம் ஓடவிட்டுக் கழற்றினால் எந்தப் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். பத்து கிலோமீட்டர் ஓட்டி, ஆறவைத்துப் பாருங்கள்.

இடைவெளி எவ்வளவு வைக்கணும், எதை வைத்து அளப்பது?

வண்டியின் கையேட்டில் உள்ளதே சட்டம். பொதுவாக இன்றைய பைக்குகளுக்கு 0.7 முதல் 0.9 மி.மீ., செயின் ரம்பத்துக்கு 0.5, பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் தொடுமுனை) வைத்த பெட்ரோல் அம்பாசடருக்கு 0.6-க்குச் சற்று மேல். பில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) உள்ளே போகும்போது வெண்ணெயில் கத்தி போவதுபோல் அல்லாமல், லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். ஓடிய பிளக்கின் நடுமுனை குழிந்திருந்தால் தட்டைத் தகடு அந்தக் குழியை அளக்காது, கம்பி கேஜ்தான் சரி.

குறைக்க, பக்கக் கொம்பை மரத்துண்டில் மெல்லத் தட்டுங்கள். கூட்ட, கொம்பை மட்டும் தூக்குங்கள். நடுமுனையில் எதையும் முட்டுக்கொடுத்து நெம்பினால் பீங்கான் மூக்கு உடையும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா? அடுப்பில் காட்டலாமா?

உப்புத்தாளின் மணல் துகள் பீங்கானுக்கும் உடம்புக்கும் நடுவே ஒளிந்து, பிறகு சிலிண்டரில் உதிரும். பெட்ரோலில் நனைத்துப் பித்தளைப் பிரஷ்ஷால் மெல்லத் துடைத்து, ஊதி, காயவைத்தால் போதும். தீயில் காட்டினால் பீங்கான் ஒரு பக்கம் மட்டும் சூடேறி விரியும். சுத்தம் செய்வது வீடு போய்ச் சேரத்தான். முனை மழுங்கிய பிளக்குக்குப் புதுப் பிளக்தான் மருந்து.

இரிடியம் பிளக் காசுக்குத் தகுமா?

நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், இரிடியம் 2,400 டிகிரியையும் தாண்டித்தான் உருகும். அதனால் முனையை ஊசிபோல் மெல்லியதாக்க முடிகிறது, மெல்லிய முனையில் குறைந்த வோல்ட்டிலேயே பொறி தாவுகிறது. ஆயுள் நீளும், குளிர்ந்த இன்ஜின் சட்டென்று பிடிக்கும். மைலேஜ் கூடும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள். சரியாக ஓடும் வண்டியில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பிளக்கை எட்டவே இன்டேக்கைக் கழற்ற வேண்டிய கார்களுக்கு இது நல்ல முதலீடு. ஐந்து நிமிடத்தில் பிளக் மாற்றும் பைக்குக்கு அவசியமில்லை. இதைப் பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது.

ஊருக்கு வந்தால் மட்டும் எடுக்கும் அம்பாசடர். மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கிறது. கல்யாணத்துக்கு எடுக்கணும், எங்கிருந்து தொடங்குவது?

சாவியைப் போடாதீர்கள், முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். இது பெட்ரோல் அம்பாசடருக்கு. டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதிலிருப்பது சூடேற்றும் குளோ பிளக், அது வேறு வேலை.

நான்கு ஒயரிலும் எண் எழுதிக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் பக்கம் 1, எரியும் வரிசை 1-3-4-2. ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள்; பெரிய வீட்டுக் கொட்டகைகளில் இதுதான் முதல் குற்றவாளி. ஏர் பில்டர் வாயிலும் சைலன்ஸர் முனையிலும் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அதையும் எடுங்கள்.

பிளக் குழியை ஊதிவிட்டு 21 மி.மீ. ஸ்பேனரால் நான்கையும் எடுத்து, எந்த சிலிண்டரிலிருந்து வந்ததோ அந்த வரிசையில் பலகையில் வையுங்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் காயிலின் நடு ஒயரைக் கழற்றிச் சட்டத்தோடு இணைத்துவிட்டு, டாப் கியரில் வண்டியைத் தள்ளியோ ஃபேனைப் பிடித்தோ இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று விடுங்கள். தடை இல்லாமல் சுற்றினால் துளைகளின் மேல் துணி போட்டு ஸ்டார்ட்டரைச் சில நொடி அழுத்துங்கள். மிச்ச ஆயில் துணியில் வந்து விழும். பாயிண்ட்டில் படிந்த வெள்ளைப் பூப்பைத் துடைத்து, 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி வையுங்கள். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை இறக்கிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதன் பிறகுதான் புதுப் பிளக்.

கருவேல மரம் அறுக்கும் செயின் ரம்பத்தில் பிளக் அடிக்கடி அடைக்கிறது. என்ன செய்ய?

ஆயில் கணக்கைப் பாருங்கள். 50-க்கு 1 என்று சொல்லும் ரம்பத்துக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில்தான். 'கொஞ்சம் கூட இருந்தா இன்ஜினுக்கு நல்லது' என்று கண்மதிப்பில் ஊற்றுவதால்தான் பிளக் எண்ணெயில் நனைகிறது. சீமைக்கருவேலத்தின் தூள் மிக நுண்ணியது, பில்டரை அன்றன்றைக்கே தட்ட வேண்டும். இதற்கான பிளக் குட்டையானது, மரை நீளம் 9.5 மி.மீ. தான், பைக் பிளக் கைவசம் இருக்கிறதென்று அதை மாட்டாதீர்கள். ரம்பத்தோடு வரும் கூட்டு ஸ்பேனரில் 19 பக்கம் பிளக்குக்கு, 13 பக்கம் பார் நட்டுக்கு.

என் பைக்கில் ரெண்டு பிளக். ஒன்றை மட்டும் மாற்றலாமா?

இரட்டைப் பிளக் பல்சரிலும் சில புல்லட்டிலும் இந்தக் கேள்வி வரும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று செத்தாலும் மற்றொன்று வண்டியை இழுத்துக்கொண்டு போகும், பிக்கப்பும் மைலேஜும் குறைவது மட்டும்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் ஐட்லிங்கில் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஒரு பக்கக் கேப்பைக் கழற்றி, அதில் வேறொரு பழைய பிளக்கைச் செருகி ஹெட்டில் பட வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடவில்லை என்றால் மறுபக்கத்துப் பிளக்கோ காயிலோ வேலை செய்யவில்லை.

பிளக் புதுசு, காயில் புதுசு, இன்னும் மிஸ்ஸிங் போகலை.

கேப்பைச் சோதியுங்கள். மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, மின்தடை உள்ள கேப்பின் இரு முனையிலும் தொட்டால் 5 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும். மின்தடை உள்ள பிளக்கிலும் மேல் முனைக்கும் நடுக்கம்பிக்கும் இடையே ஏறத்தாழ அதே அளவு இருக்கும். எதுவும் காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்திருக்கிறது. மீட்டர் இல்லாவிட்டால், இருட்டிய பிறகு இன்ஜினை ஓடவிட்டுக் கேப்பையும் ஒயரையும் தொடாமல் பாருங்கள். ஸ்பிரேயில் கொஞ்சம் தண்ணீரைத் தூவினால் கசியும் இடத்தில் நீல இழை ஒன்று ரப்பரிலிருந்து ஹெட்டுக்கு 'டிக் டிக்' என்று தாவுவது தெரியும். அந்த இடத்தை டேப் சுற்றி மறைக்காமல் கேப்பை மாற்றிவிடுங்கள். ஒயர் முனை பச்சை பூத்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதுக் கேப்பைத் திருகி ஏற்றுங்கள்.